"நல்லா வேணும்" என்று சொன்ன பட்டணம்



இந்த மாதம் எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தைத் தியானிக்கும்படி கர்த்தர் ஏவினார். வேதப்புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 26, 27, 28 ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே பட்டணத்தைப் பற்றியவை. வசனங்களை இங்கே எழுதப்போவதில்லை, இடம் போதாது. நீங்களே வாசித்துப் பார்க்கவேண்டும், அதுதான் ஆசீர்வாதம்.

அந்தப் பட்டணத்தின் பெயர் தீரு. இன்றைக்கு லெபனோன் தேசத்தின் தென்பகுதியிலே, மத்தியதரைக் கடலின் ஓரத்தில், சூர் என்ற பெயரோடு இருக்கிறது. அந்தப் பெயருக்குக் கன்மலை என்று அர்த்தம். அந்தக் காலத்திலே தீரு இரண்டு பாகமாக இருந்தது. கரையிலே ஒரு ஊர். கரையிலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் தள்ளி, கடலுக்குள்ளே ஒரு பாறைத் தீவு. அந்தத் தீவின்மேல்தான் கோட்டை. யோசுவா 19:29ஐப் பாருங்கள், அப்போதே அதற்கு அரணான பட்டணம் என்று பெயர். ஆசேர் கோத்திரத்தின் எல்லை அதுவரைக்கும் போகிறது. ஆனாலும் இஸ்ரவேலர் அதைப் பிடித்தார்கள் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. பிடிக்க முடியாத கோட்டை. சுற்றிலும் தண்ணீர், அதற்குமேல் மதில். கரையைப் பார்த்த பக்கத்து மதில் 150 அடி உயரம் என்று அர்ரியன் என்கிற பழைய சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார்.

இந்தத் தீரு முதலில் சத்துரு பட்டணம் அல்ல, சிநேகித பட்டணம். இதை மறந்துவிட்டு எசேக்கியேலை வாசித்தால் ஒன்றும் விளங்காது. தீருவின் ராஜாவாகிய ஈராம் தாவீதுக்குச் சிநேகிதன். சாலொமோன் ஆலயத்தைக் கட்டினபோது, லீபனோனின் கேதுரு மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கடல்வழியாக யோப்பாவுக்கு அனுப்பி வைத்தவன் ஈராம். ஆலயத்தின் வெண்கல வேலையைச் செய்தவனுக்கும் ஈராம் என்றே பெயர். அவன் தகப்பன் தீருவூரான், தாய் நப்தலி கோத்திரத்துப் பெண். பதிலுக்குச் சாலொமோன் என்ன கொடுத்தான்? வருஷா வருஷம் 20,000 மரக்கால் கோதுமை, அதோடு எண்ணெயும் (1 இராஜாக்கள் 5).

சுரக்குடி ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. கடற்கரை ஊரிலே மீன் இருக்கும், நெல் இருக்காது. வயக்காட்டு ஊரிலே நெல் இருக்கும், மீன் கூடையிலே வரணும். பாறைமேல் உட்கார்ந்திருக்கிற பட்டணம் எவ்வளவு பொன் வைத்திருந்தாலும் பொன்னைச் சோறாக்க முடியுமா? தீரு சாப்பிட்டது யூதேயாவின் கோதுமையை. எருசலேமின் ஆலயம் நின்றது தீருவின் மரத்திலே. இரண்டு பேருக்கும் ஒருவர் இல்லாமல் ஒருவர் இல்லை.

நாள் போகப்போக தீரு பெருத்துப்போனது. 27ஆம் அதிகாரத்தில் அதன் வியாபாரச் சரக்குகளை எசேக்கியேல் வரிசையாகச் சொல்லுகிறார்: வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், குதிரைகள், யானைத் தந்தம், கருங்காலி மரம், இரத்தாம்பரம், பவளம், தேன், சுகந்தவர்க்கம். வாசிக்கும்போது எனக்குக் காவிரிப்பூம்பட்டினம்தான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் பட்டினப்பாலை படித்தவர்களுக்குத் தெரியும். கடல்வழியாக வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, ஈழத்து உணவு என்று அதிலும் இப்படியே ஒரு பட்டியல் இருக்கிறது. நமக்கு வடக்கே இருந்த அந்தத் துறைமுகம் இன்றைக்கு எங்கே? பூம்புகாரில் போய்ப் பாருங்க, கடற்கரையில் வலை காய்ந்துகொண்டிருக்கும்.

இனி 26ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்துக்கு வாருங்கள். செய்தி அங்கேதான் இருக்கிறது. கி.மு. 586ஆம் ஆண்டில் பாபிலோன் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, ஆலயத்தைச் சுட்டெரித்து, அலங்கங்களை இடித்துப்போட்டான். ஜனங்கள் சிறையாகப் போனார்கள். அந்தச் செய்தி தீருவுக்கு எட்டினது. ஆலயத்துக்கு மரம் கொடுத்த பட்டணம் அழுதிருக்கவேண்டும் அல்லவா? ஒரு ஆள் அனுப்பி விசாரித்திருக்கவேண்டும் அல்லவா? தீரு என்ன செய்தது? சந்தோஷப்பட்டது! நம்ம ஊர்ப் பேச்சிலே சொன்னால், "நல்லா வேணும் அவளுக்கு. ஜனங்கள் போக வர இருந்த வாசல் உடைஞ்சுபோச்சு. இனிமே சரக்கெல்லாம் நம்ம பக்கம்தான் திரும்பும். அவ பாழாப்போனா நாம நிறைவோம்" என்பதே அந்த வசனத்தின் கருத்து.

கவனியுங்கள், தேவ ஜனமே. தீருவிலே விக்கிரகம் இருந்தது. சீதோனியரின் ராஜாவுடைய மகள் யேசபேல் பாகாலைக் கொண்டுவந்து இஸ்ரவேலைக் கெடுத்தது அந்தக் கரையிலிருந்துதான். பெருமை இருந்தது, அதை 28ஆம் அதிகாரம் சொல்லுகிறது. (28ஐ எடுத்தால் நம்முடைய பிரசங்கிமார்கள் நேரே சாத்தானின் விழுகைக்குப் போய்விடுவார்கள். போகட்டும், அதை வேறொரு மாதம் பார்ப்போம்.) அநியாய வியாபாரமும் இருந்தது. யூதாவின் பிள்ளைகளைப் பிடித்துக் கிரேக்கருக்கு விற்றார்கள் என்று யோவேல் 3ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இத்தனை இருந்தும், எசேக்கியேல் மூலமாகக் கர்த்தர் வழக்கைத் தொடங்கும்போது முதல் குற்றமாக எதை வைக்கிறார்? பக்கத்துப் பட்டணம் விழுந்தபோது உன் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் கேட்டேன் என்கிறார். ஆமோஸ் தீர்க்கதரிசியும் அதே இடத்தில்தான் தொடுகிறார்: சகோதர உடன்படிக்கையைத் தீரு நினைக்கவில்லையாம் (ஆமோஸ் 1:9).

பிரியமானவர்களே, நம்முடைய சபைகளுக்குள்ளே இந்தச் சத்தம் இல்லையா? ஒரு ஊழியக்காரருடைய சபை உடைந்துபோகிறது. என்ன காரணமோ, கர்த்தருக்குத் தெரியும். மறுவாரமே நம்மிடத்தில் ஒருவர் ஓடிவந்து, "பாஸ்டர், அங்கேயிருந்து நாலு குடும்பம் நம்ம சபைக்கு வந்துட்டாங்க, ஸ்தோத்திரம்!" என்கிறார். எதற்கு ஸ்தோத்திரம்? அங்கே வாசல் உடைந்ததற்கா, இங்கே பாய் நிறைந்ததற்கா? ஆத்துமாக்கள் இரட்சிக்கப்பட்டு வந்தால் பரலோகம் மகிழும். இடிந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டு வருகிறவர்களை எண்ணிக் கை தட்டினால் பரலோகம் மகிழாது.

சபைக்கு வெளியேயும் இதே கதைதான். ஒரே தெருவில் இரண்டு மளிகைக்கடை. ஒன்று கடன் ஏறி மூடப்படுகிறது. கடையை மூடினவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரவில்லை, முகம் காட்ட வெட்கம். "தசமபாகம் ஒழுங்கா கொடுக்கலை, அதான்" என்று ஒரு சகோதரி சொல்லுகிறார். இன்னொருவர், "அவருக்கு ரொம்பப் பெருமை பாஸ்டர், கர்த்தர் அடிச்சிட்டார்" என்கிறார். கர்த்தர் அடித்தாரா, வட்டிக்காரன் அடித்தானா என்று உங்களுக்கு யார் சொன்னது? அவர் வீட்டில் மூன்று நாளாக அடுப்பு சரியாக எரியவில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்களுக்கும் தெரியவில்லை!

சரி, தீருவுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

அநேக ஜாதிகள், கடல் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதுபோல, உனக்கு விரோதமாக வருவார்கள் என்று கர்த்தர் சொன்னார் (26:3). ஒரே நாளில், ஒரே ராஜாவால் என்று சொல்லவில்லை. முதல் அலை நேபுகாத்நேச்சார். 13 வருஷம் அவன் தீருவை முற்றிக்கை போட்டான் என்று யூத சரித்திரக்காரரான யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். இதிலே நம் வேதம் எவ்வளவு நேர்மையானது என்று பாருங்கள். எசேக்கியேல் 29:18இல், பாபிலோன் சேனையின் தலை மொட்டையாகி, தோள் உரிந்துபோகிற அளவுக்குப் பாடுபட்டும், தீருவினிடத்தில் கூலி ஒன்றும் கிடைக்கவில்லை என்று தீர்க்கதரிசியே எழுதுகிறார். வேறு ஒருவனாக இருந்தால் அதை மறைத்திருப்பான். நேபுகாத்நேச்சாரால் தீவுக்கோட்டையைக் கொள்ளையிட முடியவில்லை. ஆனால் 26ஆம் அதிகாரத்தில் 7 முதல் 11 வரை 'அவன், அவன்' என்று ஒருவனைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற வார்த்தை, 12ஆம் வசனத்தில் 'அவர்கள்' என்று மாறுகிறது. அந்த 12ஆம் வசனம் சொல்லுகிறது என்ன? இடித்த வீடுகளின் கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீருக்குள்ளே போடுவார்களாம். யுத்தத்திலே ஊரை இடிப்பார்கள், எரிப்பார்கள். இடித்த மண்ணை வாரிக் கடலில் யாராவது கொட்டுவார்களா?

கொட்டினார்கள். கி.மு. 332ஆம் ஆண்டில் மக்கெதோனியாவின் மகா அலெக்சாந்தர் வந்தான். தீவுக்குள்ளே இருக்கிற கோவிலில் பலியிடவேண்டும் என்று கேட்டான். தீருவின் ஜனங்கள் கோட்டைக்குள் விடவில்லை, கரையில் இருக்கிற கோவிலுக்குப் போ என்றார்கள். அவனிடத்தில் அப்போது போதுமான கப்பல்கள் இல்லை. ஆகவே கரையில் இருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலுக்குள் கொட்டி, லீபனோனின் மரங்களை ஊன்றி, தீவு வரைக்கும் ஒரு பாதை போட ஆரம்பித்தான். தீருவின் ஜனங்கள் ஒரு கப்பல் நிறைய எரிகிற பொருளை ஏற்றி, தீ வைத்து, அந்தப் பாதையின்மேல் மோதவிட்டார்கள். எல்லாம் எரிந்தது. அவன் மறுபடியும் அகலமாகப் போட்டான். பிறகு சீதோனிலிருந்தும் சீப்புரு தீவிலிருந்தும் கப்பல்கள் அவனோடே சேர்ந்துகொண்டன. பக்கத்துப் பட்டணமான சீதோனே எதிரியோடு நின்றது! 7 மாதத்தில் கோட்டை விழுந்தது. ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று அர்ரியன் எழுதுகிறார். யூதாவின் பிள்ளைகளைக் கிரேக்கருக்கு விற்ற பட்டணத்தின் பிள்ளைகளை இப்போது கிரேக்கச் சேனை விற்றது. யோவேல் 3ஐ மறுபடியும் எடுத்துப் பாருங்கள், எனக்கு எழுதக் கை நடுங்குகிறது.

அந்தப் பாதை அப்புறம் என்ன ஆனது என்பதை நம்முடைய மீனவ சகோதரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள். முகத்துவாரத்தில் கருங்கல் கொட்டிச் சுவர் போட்டால் கடல் சும்மா இருக்காது. நம்ம கரையில் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். அங்கேயும் அலெக்சாந்தர் கொட்டின பாதையின் இரண்டு பக்கமும் வருஷக்கணக்காக மணல் சேர்ந்து சேர்ந்து, தீவு தீவாக இல்லாமல் கரையோடு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அந்த மணலின்மேல் தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன. எந்தத் தண்ணீரை நம்பி 'என்னை யார் தொடமுடியும்' என்று தீரு சொன்னதோ, அந்தத் தண்ணீரே மண்ணாகிப்போனது. வலை உலர்த்துகிற இடமாகும் என்று சொன்னபடியே, அந்தப் பழைய துறைமுகத்தில் மீனவர்கள் இருக்கிறார்கள், வலைகளும் இருக்கின்றன.

சிலர் கேட்பார்கள்: "இனிக் கட்டப்படுவதில்லை என்று வேதம் சொல்லுதே பாஸ்டர், அங்கே இப்பவும் ஊர் இருக்குதே?" நல்ல கேள்வி, கேட்கத்தான் வேண்டும். ஆம், ஊர் இருக்கிறது. அலெக்சாந்தருக்குப் பிறகும் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். ரோமர் காலத்தில் பெரிய பட்டணமாகவே இருந்தது. கி.பி. 1124இல் சிலுவைப்போர்க்காரர்கள் பிடித்தார்கள், 1291இல் மாம்லூக்குகள் பிடித்து இடித்தார்கள். 1984இல் அதன் இடிபாடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் கடலின் நடுவில் ராஜாக்களை அதட்டின அந்தத் தீவு ராஜ்யம், எசேக்கியேல் பார்த்த அந்தத் தீரு, திரும்ப எழும்பவில்லை. இது என் புரிதல். இதற்குமேல் வேறு விதமாக விளக்குகிற பக்தியுள்ள போதகர்களும் உண்டு. அதற்காகச் சண்டை போடவேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிப்பு. தீர்க்கதரிசனம் நிறைவேறினதைப் பேசும்போது நம் குரலில் ஒரு சந்தோஷம் ஏறிவிடுகிறது. "பார்த்தீங்களா, தீரு அழிஞ்சுது, அல்லேலூயா!" அப்படிச் சொல்லுகிற நேரத்திலே, தீரு எருசலேமைப் பார்த்துச் சொன்னதையே நாம் தீருவைப் பார்த்துச் சொல்லுகிறோம். எசேக்கியேலைப் பாருங்கள். 27ஆம் அதிகாரத்தை எப்படித் தொடங்குகிறார்? தீருவுக்காகப் புலம்பல் பாடச் சொல்லிக் கர்த்தர் கட்டளையிடுகிறார்! நியாயந்தீர்க்கிறவரே புலம்பச் சொல்லுகிறார். 2024ஆம் ஆண்டில் லெபனோனில் யுத்தம் நடந்தபோது, அந்தச் சூர் பட்டணத்தின்மேலும் குண்டுகள் விழுந்து வீடுகள் இடிந்தன, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதைக் கேட்டு, இது எசேக்கியேலில் இருக்கிறதே என்று விரலை நீட்டுகிறவன் முழங்காலில் நிற்கிறவன் அல்ல.

தூரத்து ஊர் எதற்கு? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்கால் மேட்டிலிருந்து நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரைக்கும் கடல் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்குமேல் மாண்டார்கள். அந்த நாட்களில், "அவங்க பாவத்துக்குத்தான் கர்த்தர் கடலை அனுப்பினார்" என்று பேசின பிரசங்கங்களும் உண்டு. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளோ என்று கேட்டு, இல்லை என்று இயேசு தாமே பதில் சொல்லியிருக்கிறார் (லூக்கா 13). இயேசு இல்லை என்று சொன்னதை ஆம் என்று சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்த வாரத்திலே கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்காமல் கொடுத்தார்கள். அவர்களே எசேக்கியேல் 27ஐச் சரியாக வாசித்தவர்கள்.

சீதோனியரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எதிரியின் கப்பலில் வந்தவர்கள் என்று மேலே எழுதினேன் அல்லவா? கோட்டை விழுந்து வெட்டு நடக்கிறபோது, அதே சீதோனியர் மனம் பொறுக்காமல் தீருவின் ஜனங்களில் 15,000 பேரைத் தங்கள் கப்பல்களில் மறைத்து ஏற்றிக் காப்பாற்றினார்கள் என்று குர்தியுஸ் என்கிற ரோம சரித்திரக்காரர் எழுதியிருக்கிறார். அவர்கள் நியாயப்பிரமாணம் படித்தவர்கள் அல்ல. அக்கம்பக்கத்து ஜனங்கள், அவ்வளவுதான்.

கர்த்தருடைய வார்த்தை தீருவை இடிந்த மண்ணாக விட்டுவிடவில்லை. அதன் வியாபாரமும் ஒருநாள் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்று ஏசாயா 23ஆம் அதிகாரம் முடிகிறது. 87ஆம் சங்கீதமோ, சீயோனிலே பிறந்தவர்களின் கணக்கை எழுதும்போது தீருவையும் சேர்த்து எழுதுகிறது. எருசலேம் பாழானதில் சந்தோஷப்பட்டவளுக்கு எருசலேமிலே பிறப்புச் சான்றிதழ்! இந்தக் கிருபையை என்னவென்று சொல்ல?

நம்முடைய ஆண்டவர் தீருவின் எல்லைக்கே நடந்து போனார். அங்கேதான் ஒரு தாய், பிசாசு பிடித்த தன் மகளுக்காக, மேஜையிலிருந்து விழுகிற துணிக்கை போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள் (மத்தேயு 15, மாற்கு 7). எருசலேமின் கோதுமையைத் தின்று எருசலேமைப் பரியாசம்பண்ணின பட்டணத்து மகள், அந்த மேஜையின் கீழே குனிந்து நிற்கிறாள். அற்புதங்களைக் கண்ட கோராசீனையும் பெத்சாயிதாவையும்விடத் தீருவுக்கு நியாயத்தீர்ப்பு நாளில் லேசாயிருக்கும் என்றும் ஆண்டவர் சொன்னார். எழுப்புதல் கூட்டம் எழுப்புதல் கூட்டமாகப் போய்ச் சுகத்தையும் அற்புதத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிற நாம், எந்த ஊர்க் கணக்கில் வருகிறோம் என்று யோசிக்கவேண்டும்.

கடைசியாக அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரம். பவுலின் கப்பல் தீருவிலே சரக்கு இறக்குகிறது. அங்கே சீஷர்கள் இருக்கிறார்கள். யார் போய் அந்தச் சபையை ஸ்தாபித்தார்கள் என்றுகூட வேதம் சொல்லவில்லை. பவுல் 7 நாள் அவர்களோடு தங்குகிறார். அவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார்? எருசலேமுக்கு. அங்கே கட்டுகளும் உபத்திரவமும் காத்திருக்கின்றன. எருசலேமின் வாசல் உடைந்தபோது, நல்லா வேணும் என்று சொன்ன பட்டணம், 600 வருஷத்துக்குப் பிறகு, எருசலேமுக்குப் போகிற ஒரு மனுஷனுக்காகத் தவிக்கிறது. போகவேண்டாம் என்று ஆவியின் ஏவுதலால் சொல்லிப் பார்க்கிறார்கள். அவர் புறப்படுகிறபோது வீட்டில் உட்கார்ந்துகொண்டு போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. மனைவிகளோடும் பிள்ளைகளோடும் ஊருக்குப் புறம்பே வந்து, கரையிலே முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறார்கள். எந்தக் கரை? இடித்த மண்ணைக் கொட்டின அதே தீருவின் கடற்கரை.

வருகிற வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும்போது, ஒரு சீட்டிலே ஒரு பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்குப் பிரியமானவர் பெயர் அல்ல. யார் விழுந்தபோது உங்கள் உள்ளத்தில், நல்லா வேணும் என்று ஒரு சத்தம் வந்ததோ, அவர் பெயர். அது பக்கத்துச் சபை ஊழியக்காரராக இருக்கலாம், பங்காளியாக இருக்கலாம், வரப்புச் சண்டைக்காரராக இருக்கலாம். சீட்டை யாரும் வாசிக்கமாட்டோம், நானும் பார்க்கமாட்டேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் கடனுக்காக, அவர் பிள்ளைகளின் படிப்புக்காக, அவர் வீட்டு அடுப்புக்காக ஜெபிப்போம். சனிக்கிழமை காலையில் அந்த வீட்டு வாசல்வரைக்கும் போகக்கூடியவர்கள் போங்கள், வெறுங்கையோடு போகவேண்டாம். பிள்ளைகளையும் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டு வாருங்கள். தீருவின் கரையிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.